கண்டிப்பா, அரவணைப்பா? நடனம் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பற்றி

நாட்டியக் கலைமணி படிப்பை முடித்துவிட்டு வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு தொடங்கப்போகும் ஒரு தங்கை இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். இதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. "நான் அடியும் திட்டும் வாங்கித்தான் கற்றேன். என்னிடம் வரும் பிள்ளைகளை அப்படி நடத்த மனசு வரவில்லை. ஆனால் கண்டிப்பு இல்லாவிட்டால் அரைமண்டி உட்காருமா, அடவு சுத்தமாக வருமா?" என்பது இன்னொன்று. (அரைமண்டி என்பது முழங்காலை விரித்துப் பாதி உட்கார்ந்த நிலை, அடவு என்பது காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவு.) இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

வரும். அடிக்காமல், அவமானப்படுத்தாமல் சொல்லிக்கொடுத்தால் அடவு சுத்தமாகவே வரும். ஆனால் அப்படிச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியருக்குக் கூடுதல் வேலை. அதட்டுகிறவருக்குக் குழந்தை தப்பு செய்கிறது என்று தெரிந்தால் போதும். அதட்டாமல் திருத்த நினைப்பவருக்கு அந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். அன்பு என்ற பெயரில் கோணல் அடவுக்கும் "சூப்பர் செல்லம்" சொல்லி அனுப்புகிற வகுப்புகளையும் நிறையப் பார்த்துவிட்டேன். அதை நான் சோம்பல் என்றுதான் சொல்வேன். மூன்று வருஷம் கழித்து அந்தக் குழந்தை வேறொரு ஆசிரியரிடம் போய் முதல் பாடமான தட்டடவிலிருந்து மறுபடி தொடங்கும்போது படுகிற வேதனை, ஆரம்பத்திலேயே நாலு திட்டு வாங்குவதைவிடப் பெரியது.

கண்டிப்பை ஆதரிப்பவர்கள் எப்போதும் பழைய நட்டுவனார்களை, அதாவது நடனம் சொல்லிக்கொடுத்துத் தாளம் போட்ட ஆசான்களை, சாட்சிக்கு அழைப்பார்கள். "அந்தக் காலத்தில் தட்டுக்கழி பறந்து வரும், அதனால்தான் அப்படி ஆடினார்கள்" என்பார்கள். தாளம் தட்டும் அந்தக் கழி பறந்தது உண்மைதான். ஆனால் கழியைத் தவிர அங்கே வேறு என்னவெல்லாம் இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் பிறந்தவர், 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். குரு கந்தப்பப் பிள்ளை தஞ்சை நால்வர் என்ற நடன ஆசான் சகோதரர்கள் வழியில் வந்தவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். சரி, வகுப்பு முடிந்ததும் அந்தக் குழந்தை திரும்பிப் போன வீடு எது? பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் தேர்ந்த பாடகி. நடனத்துக்குரிய உணர்ச்சிப் பாடல்களான பதமும் ஜாவளியும் காதில் விழாத நாளே இல்லாத வீடு. இன்னொரு பழைய நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் கற்க வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் அந்த ஊரிலேயே தங்கினார்கள். காலையில் ஆடி, மத்தியானம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து, சாயங்காலம் மறுபடி ஆடினார்கள். குருவின் கண் அவர்கள் மேல் நாள் முழுக்க இருந்தது. யாருக்குக் கால் வலிக்கிறது, யாருக்கு லயம் சட்டென்று பிடிபடுகிறது, யார் இன்று முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கேட்காமலே அவருக்குத் தெரிந்தது.

நம் வகுப்பு எப்படி? வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். தட்டிக்கும்பிட்டு வணக்கம் சொல்லி, தாமதமாக வந்தவர்களை வரிசையில் சேர்த்து, சல்வார் துப்பட்டாவை இறுக்கிக் கட்டச் சொல்லி முடிக்கும்போது கையில் 45 நிமிஷம்தான் மிஞ்சும். அந்தப் பழைய ஏற்பாட்டிலிருந்து மற்ற எல்லாம் உதிர்ந்துபோய், அதட்டல் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மரபைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னால் எப்படி?

இன்னொரு காரணமும் உண்டு. அது மனசைப் பற்றியது என்பதைவிடத் தொழிலைப் பற்றியது. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம் போக வேண்டும், மனம் போனால் பாவம் (உணர்ச்சி), பாவத்திலிருந்து ரசம் (சுவை) என்கிற, அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலின் சுலோகத்தை நாம் எல்லோரும் முதல் வருஷமே மனப்பாடம் பண்ணவைக்கிறோம். பயந்த குழந்தையின் கண் எங்கே போகிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். கைக்குப் போகாது. உங்கள் முகத்துக்கும் தட்டுக்கழிக்கும்தான் போகும். கழுத்து விறைக்கும், தோள் காதுக்கு ஏறும், மூச்சு நெஞ்சிலேயே நிற்கும். பிறகு நாமே "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்று கத்துவோம். அந்தத் தோளை ஏற்றியதே நம் குரல்தான். பத்து வருஷம் இப்படிக் கற்ற பெண்கள் மேடையில் கையைப் பார்க்காமல் தாளம் போட்டு நட்டுவாங்கம் செய்கிறவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஆடுவதை சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்தால் பார்க்கலாம்.

எப்படித் திருத்துவது என்பதற்கு வருகிறேன். காலை நீட்டி வைக்கும் அடவு வகையான நாட்டடவில் முதலாவதை எடுத்துக்கொள்வோம். அதன் சொல்லுக்கட்டு (தாளச் சொற்கள்) "தெய்யும் தத்தத் தெய்யும் தா." எட்டு வயதுப் பெண், கை நாட்டியாரம்பத்தில், அதாவது தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டியபடி. வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை வைக்கிறாள். அந்த ஒரு நொடியில் ஐந்து தப்பு நடக்கிறது. உடம்பு அரைமண்டியிலிருந்து மேலே எழும்புகிறது. இடுப்பு வலப்பக்கம் சாய்கிறது. நீட்டிய காலின் முழங்கால் மடங்கியே இருக்கிறது. இடது முழங்கை தொங்குகிறது. கண் தரையில். ஐந்தையும் ஒரே மூச்சில் சொன்னால் அவள் எதையும் திருத்த மாட்டாள். அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) ஆறாவதாகத் தாளமும் போகும். இதில் எது வேர் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எழும்புவதுதான் வேர். நின்ற காலில் பலம் போதாமல் உடம்பு மேலே போகிறது, அதைச் சமாளிக்க இடுப்பு சாய்கிறது, சாய்வைச் சமாளிக்க எதிர்ப்பக்க முழங்கை இறங்குகிறது. ஆகவே கையை விட்டுவிடச் சொல்லுங்கள். இடுப்பில் கை வைத்து, முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), காலை மட்டும் நீட்டி எடுக்கட்டும். "தலை உயரம் மாறக் கூடாது, அது ஒன்றுதான் இன்றைக்கு" என்று சொல்லுங்கள். இரண்டு வகுப்பில் முழங்கையைப் பற்றிப் பேசாமலே முழங்கை நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரு குழந்தைக்கு ஒரு திருத்தம் என்பது என் கணக்கு. அடுத்த வகுப்பில் அதே குழந்தையிடம் அதே திருத்தத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். "போன வாரம் சொன்னது என்ன?" என்று கேட்டால், தன்னை ஆசிரியர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய விஷயம். இதற்காக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகளின் முழங்காலும் முழங்கையும் யாருக்கும் மனசில் நிற்காது.

மூன்றாம் காலத்தில் பிள்ளைகள் சிதறும்போது நம் கை தானாகவே மனைப் பலகையில் பலமாகத் தட்டும், குரல் ஏறும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து இரண்டாம் காலத்துக்கு வாருங்கள். இரண்டாம் காலம் உறுதியாகாமல் மூன்றாவதில் அதட்டினால் பாதி அடவை விழுங்கக் கற்றுக்கொள்வார்கள். பிறகு அந்தப் பழக்கத்தை எடுக்க முடியாது. தூரத்திலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு வேகமாக ஆடினால் சந்தோஷம், அது வேறு கதை.

அரைமண்டியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நம்மில் பலர் அதைக் கேட்கும் விதம் தப்பு. அது பாதத்திலிருந்து வருவதில்லை, தொடையெலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டிலிருந்து வருகிறது. அந்த மூட்டு எவ்வளவு திறக்கும் என்பது ஓரளவு பிறவியிலேயே அமைந்த எலும்புக் கட்டு. ஒருத்திக்குச் சுலபமாகத் திறப்பது பக்கத்தில் நிற்பவளுக்கு எவ்வளவு முயன்றாலும் திறக்காது. திறக்காத பிள்ளையை "இன்னும் விரி, இன்னும் விரி" என்றால், அவள் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி முழங்காலை முன்னால் விடுவாள். முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி, முழங்கால் அந்தப் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே நிற்கிறதா என்று பார்ப்பது. நிற்கவில்லை என்றால் பாதத்தைக் குறைத்துத் திருப்பச் சொல்லுங்கள். விரிப்பு கொஞ்சம் குறைவாக, முதுகு நேராக, முழங்கால் பாதுகாப்பாக இருக்கும் அரைமண்டி நல்ல அரைமண்டிதான். பக்கத்து வகுப்பு ஆசிரியை உதட்டைப் பிதுக்கினால் பிதுக்கட்டும்.

10 வயதிலிருந்து 14 வரை இன்னும் கவனம் தேவை. எலும்பு வேகமாக நீளும், தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. போன வருஷம் வில்லாக வளைந்த பெண் இந்த வருஷம் மரக்கட்டையாக நிற்பாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு தொட்டாலே வலிக்கிறது என்பாள். "சாக்கு சொல்லாதே, பயிற்சி பண்ணினால் சரியாகிவிடும்" என்பது அந்த நேரத்தில் சொல்லக்கூடாத வார்த்தை. குதிக்கும் அடவுகளையும் முழுதாகக் குந்தும் முழுமண்டியையும் சில வாரம் நிறுத்திவைத்து, கை, கழுத்து, தாளம், அபிநயம் என்று வேலை கொடுங்கள். வலி நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். உங்கள் மாடித் தளம் சிமெண்டோ டைல்ஸோ என்றால் காலால் தட்டுவது எவ்வளவு என்பதில் அளவு வேண்டும். சட்டத்தின் மேல் பலகை அடித்த மரத்தரைக்கு ஈடு இல்லை, அது கட்டுப்படியாகாவிட்டால் தட்டடவை அரை மணி நேரம் இழுக்காமல் நடுநடுவே உட்காரவைத்துத் தாளம் போடச் சொல்லுங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் பாய் மட்டும் வேண்டாம், கணுக்கால் பிசகும்.

அதே வயதில்தான் பெண் பிள்ளைகள் வகுப்பை விட்டு அதிகமாக நிற்கிறார்கள். உடம்பு மாறுகிறது, கண்ணாடி முன் நிற்கக் கூச்சம், மாதவிலக்கு நாளில் என்ன சொல்லி லீவு கேட்பது என்ற தயக்கம். இந்த நேரத்தில் ஆசிரியர் வாயிலிருந்து "கொஞ்சம் உடம்பைக் குறை" என்றோ "உனக்கு இந்தக் கலர் காஸ்ட்யூம் எடுக்காது" என்றோ ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த மாதம் வரமாட்டாள். அம்மா போன் பண்ணி "டியூஷன் இருக்கு மிஸ்" என்பார். நிஜக் காரணம் நமக்குத் தெரியவே தெரியாது. உடம்பின் அளவையும் நிறத்தையும் பற்றி வகுப்பில் யாரும் பேசக்கூடாது என்பதைச் சட்டமாகவே வையுங்கள். ஒப்பனை போட வருகிறவருக்கும் அந்தச் சட்டம்தான். மாதவிலக்குக்கு, "இன்றைக்கு உட்கார்ந்து தாளம் போடுகிறேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், காரணம் கேட்கப்படாது என்று எல்லோர் முன்னாலும் பொதுவாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.

வரிசையும் ஒரு பாடம்தான். நன்றாக ஆடுகிறவர்கள் எப்போதும் முன்வரிசை என்றால் பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் நிற்பவளைப் பார்த்து ஆடியே வருஷங்களை ஓட்டிவிடுவார்கள், தனியாக ஒரு தீர்மானம் (முத்தாய்ப்பாக வரும் அடவுக்கோவை) ஆட வராது. வாராவாரம் வரிசையை மாற்றுங்கள்.

இனி அபிநயம், அதாவது முகத்தாலும் கையாலும் உணர்ச்சியைக் காட்டுவது. அரவணைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கும் அப்படிச் செய்யாததற்கும் உள்ள வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரிவது இங்கேதான். அடவில் ஆசிரியரைப் பார்த்து அப்படியே செய்வது சரி. அபிநயத்தில் அதுவே நோய். ஆசிரியரின் புருவமும் ஆசிரியரின் பெருமூச்சும் ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தில் ஒட்டவைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காது.

இதில் நமக்கெல்லாம் வழிகாட்டி அபிநய ஆசிரியை கலாநிதி நாராயணன். 1928இல் பிறந்தவர். சிறுவயதில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பதங்கள் கற்றவர். பதின்ம வயதில் மேடையை விட்டவர், 1973இல் நாற்பதுகளின் நடுவில்தான் திரும்பி வந்தார். அதுவும் ஆட வரவில்லை, சொல்லிக்கொடுக்க வந்தார். அடவு சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு குருக்களிடம் தேர்ந்து வந்தவர்களுக்கு அபிநயம் மட்டும். அலர்மேல் வள்ளி, மாளவிகா சருக்கை, பிரியதர்ஷினி கோவிந்த் என்று அவரிடம் கற்றவர்களைப் பாருங்கள். ஒருவர் முகம் மற்றவர் முகம் போல இருக்காது, அவர் முகம் போலவும் இருக்காது. ஒரு வரியைக் கொடுத்து, இந்த நாயகி யார், என்ன வயது, ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று யோசிக்கவைத்து, சஞ்சாரியை (வரியின் பொருளை விரித்துக் காட்டும் அபிநயத்தை) மாணவியையே கண்டுபிடிக்கச் செய்வது அவர் முறை. 1985இல் பத்மபூஷண் கிடைத்தது. நடுவில் ஏறத்தாழ முப்பது வருஷம் மேடையே இல்லாத ஒருவர் ஒரு தலைமுறையின் அபிநயத்தை மாற்றினார் என்பதை, "நான் மேடையில் பெரிதாக ஆடியதில்லையே" என்று தயங்கும் இளம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடமும் இது நடக்கும். வெண்ணெய் திருடிய கண்ணனை யசோதை கோபித்துக்கொள்ளும் இடம். எல்லோருக்கும் தெரிந்த மாதிரி ஆள்காட்டி விரலை ஆட்டி, கண்ணை உருட்டி நான் செய்துகாட்டுவேன், அவர்களும் உருட்டுவார்கள். ஒருமுறை செய்துகாட்டாமல் கேட்டேன்: "உங்க வீட்ல நீ தப்பு பண்ணினா அம்மா என்ன பண்ணுவாங்க?" ஒருத்தி கத்துவாங்க என்றாள், ஒருத்தி அப்பாகிட்ட சொல்லுவேன்னு சொல்லுவாங்க என்றாள். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண், "எங்கம்மா திரும்பியே பாக்க மாட்டாங்க மிஸ். பாத்திரம் தேய்ச்சுட்டே இருப்பாங்க. அதான் ரொம்ப பயமா இருக்கும்" என்றாள். அதையே செய் என்றேன். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தயிர் கடைந்தாள். கயிறு இழுக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்தது, அவ்வளவுதான். வகுப்பே வாயை மூடிக்கொண்டது. முகமே தெரியாத அபிநயம். அந்த யசோதையை நான் செய்துகாட்டியிருக்க முடியாது. அந்தப் பெண் அதற்குப் பிறகு அடவு வகுப்பிலும் நிமிர்ந்து நிற்க ஆரம்பித்தாள் என்பது உபரி லாபம்.

தொடுவதைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நம் கலையில் இடுப்பைப் பிடித்துத் திருப்புவதும் முழங்காலைத் தள்ளுவதும் கேள்வியில்லாமல் நடந்துவந்தது. 2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. 2023இல் சென்னையின் பேர்பெற்ற நடனக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் பாலியல் தொல்லைப் புகார்களோடு போராட்டத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகும் "குரு என்றால் அப்படித்தான்" என்று சொல்கிறவர்களிடம் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. பெரும்பாலான திருத்தத்தைத் தொடாமலே செய்யலாம். நீங்கள் செய்துகாட்டலாம், கண்ணாடியைக் காட்டலாம், அவள் கையையே அவள் இடுப்பில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். தொட்டே ஆகவேண்டும் என்றால் "முழங்கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள். ஏழு வயதுக் குழந்தையிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை அந்தக் குழந்தை நம்மிடம்தான் பழக வேண்டும். வகுப்பு நடக்கும்போது மாடிக் கதவு திறந்தே இருக்கட்டும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் எட்டிப்பார்க்கட்டும்.

இப்போது பிழைப்பு.

வருமானம் மாதக் கட்டணத்தில்தான் ஓடும். விஜயதசமியிலும் ஜூனிலும் சேர்க்கை குவியும், மார்ச் தேர்விலும் மே விடுமுறையிலும் வகுப்பு காலியாகும். புதிதாகச் சேர்கிறவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். முதல் வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலாவது வருஷம் இருக்கிறார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் நிஜக் கணக்கு. அங்கேதான் நீங்கள் கேட்ட இரண்டு கேள்வியும் ஒன்று சேர்கின்றன. பயத்தால் வருகிற பிள்ளை, பயம் போகும் வயதில் நின்றுவிடும். பத்தாம் வகுப்பு வந்தால் "வந்தால் முழுசாக வா, இல்லாவிட்டால் நின்றுவிடு" என்று கறார் பேசுகிற ஆசிரியர்கள் தங்களின் சிறந்த மாணவிகளை அந்த வருஷமே இழக்கிறார்கள். மாதம் இரண்டு நாள் வந்து சும்மா ஒரு அலாரிப்பு (கச்சேரியின் முதல் சிறு உருப்படி) ஆடிவிட்டுப் போகட்டும், அந்த மாதத்துக்குப் பாதிக் கட்டணம் வாங்குங்கள். தேர்வு முடிந்ததும் பெரும்பாலும் திரும்பி வருவார்கள். வந்தவர்கள் பிறகு உங்கள் இளைய வகுப்புக்கு உதவியாக நிற்பார்கள்.

அரங்கேற்றம்தான் பெரிய சிக்கல். இரண்டாவது வருஷத்திலேயே "எப்போ மிஸ் அரங்கேற்றம்?" என்று தொடங்கிவிடுவார்கள். பட்டுப்புடவை தைத்த உடை, பக்கவாத்தியம், மண்டபம், சாப்பாடு என்று ஒரு கல்யாணச் செலவு அது. பல ஆசிரியர்களுக்கு வருஷத்தில் வருகிற பெரிய தொகையும் அதுதான். அதனாலேயே வர்ணம் தாங்காத பிள்ளையை மேடையேற்றும் ஆசை வரும். வர்ணம் என்பது அரை மணி நேரத்துக்கும் மேல் அடவும் அபிநயமும் மாறி மாறி வருகிற உருப்படி, மூச்சும் முழங்காலும் தாங்க வேண்டும். ஆறேழு வருஷமாவது ஆகும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பிடி வேண்டும்தான். அதற்கு முதன்முதலில் சலங்கை கட்டும் சலங்கை பூஜை இருக்கிறது, கோயில் திருவிழாவில் ஒரு ஜதிஸ்வர உருப்படி இருக்கிறது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. (கலாசார வளங்கள், பயிற்சி மையம்) உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை என்றால் செலவைக் குறைத்து, வீட்டு மாடியிலேயே, பதிவு செய்த பாட்டுக்கு கச்சேரி வரிசையான மார்க்கம் முழுக்க ஆடவைத்து "உன் அரங்கேற்றம் முடிந்தது" என்று சொல்லும் தைரியம் ஆசிரியருக்கு வேண்டும்.

தனி வகுப்பைத் தவிர வழிகள் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதநாட்டியம் ஒரு பாடம். ஜவகர் சிறுவர் மன்றங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக்கல்லூரிகளில் பணியிடம் அரிதாகத்தான் திறக்கும். மேலே படித்து நெட் தகுதித் தேர்வு எழுதினால் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கலாம். தனியார் பள்ளிகளில் பகுதிநேர வேலை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அங்கே ஆண்டுவிழாவுக்கு ஐம்பது பிள்ளைகளை ஒரே மாதிரி ஆட்டுவிப்பதுதான் வேலை. முதல் சில வருஷம் வாடகைக்கு உதவும், அதில் தங்கிவிடாதீர்கள்.

நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வது நட்டுவாங்கம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதைத்தான். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த இடம் அது. அங்கே முதலில் அமர்ந்த பெண் என்று கொண்டாடப்படும் கே.ஜே. சரசா, காரைக்காலிலிருந்து வந்து வழுவூர் இராமையா பிள்ளையிடம் கற்றவர். பின்னாளில் முதல்வரான ஜெயலலிதா உட்பட ஏராளமானோருக்குச் சொல்லிக்கொடுத்து, தாளத்தைத் தானே கையில் எடுத்து ஒரு வாழ்க்கையை நடத்திக்காட்டியவர். நட்டுவாங்கம் தெரிந்தால் மற்றவர்களின் நிகழ்ச்சிக்கும் அழைப்பு வரும், உங்கள் முழங்கால் ஆட மறுக்கும் வயதிலும் வேலை இருக்கும். வகுப்பிலும் அதன் பலன் தெரியும். சொல்லைச் சுத்தமாகச் சொல்லத் தெரிந்தவர் குரலை உயர்த்தாமலே கூட்டத்தை நிறுத்திவைப்பார். தொண்டையும் பிழைக்கும். நாளுக்கு நாலு வகுப்பில் சொல்லுக்கட்டைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆசிரியைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இணையவழி வகுப்பைப் பற்றியும் நீங்கள் யோசிப்பீர்கள். வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் 2020க்குப் பிறகு அதற்குப் பழகிவிட்டன, வருமானமும் பரவாயில்லை. ஒரு சிக்கலை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் தட்டும் ஒலி அவளுக்குச் சற்றுப் பிந்திப் போகும், அவள் ஆடுவது உங்களுக்கு இன்னும் பிந்தி வரும். அவள் தாளத்தில் சரியாகவே இருப்பாள், உங்கள் திரையில் தப்பாகத் தெரிவாள். அதற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர். சொல்லுக்கட்டைப் பதிவு செய்து அனுப்பி, அவள் பக்கத்திலேயே ஒலிக்கவிட்டு ஆடச் சொல்லுங்கள். வீடியோ எடுத்து அனுப்பட்டும், அதை வேகம் குறைத்துப் பார்த்துத் திருத்துங்கள். தொடக்கப் பிள்ளைகளை மட்டும் இணையவழியில் எடுக்க வேண்டாம், முழங்கால் எங்கே நிற்கிறது என்பது கேமராவில் சரியாகத் தெரியாது.

உங்கள் வகுப்புக்கு இப்போதைக்கு ஒரு யோசனை. முதல் வருஷம் ஒரு குழுவுக்குப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், கேட்டு வந்தவர்களைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள். சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொரு பெற்றோரிடமும் குழந்தைக்கு ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு, கண்பார்வை, காது கேட்பதில் ஏதாவது இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். பலர் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். வாரத்தில் ஒரு காலை நேரத்தை உங்கள் சொந்தப் பயிற்சிக்கு ஒதுக்கி, அந்த நேரத்தில் யாருக்கும் தனி வகுப்பு கொடுக்காதீர்கள், எவ்வளவு கட்டணம் தருவதாகச் சொன்னாலும்.